குளிர்த்தொப்பியும் மாமா கல்யாணமும்

மாமா கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க நாங்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெங்களூர் போய்க்கொண்டிருந்தோம். அப்படித்தான் அப்பா கம்பைநல்லூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எங்கள் ஊரில் பட்டுப்புடவை என்றால் சேலம், மிஞ்சிப்போனால் காஞ்சிபுரம். ஒரே ஒரு புடவைக்காகத் திரும்பத் திரும்பக் கார் பிடித்துப் பெங்களூர் போகிற குடும்பத்தை ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. போய்விட்டு வெறுங்கையோடு வேறு திரும்புவோம். யாராவது விசாரித்தால், "கலர் அமையலைங்க" என்பார் அப்பா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் என்பதால் கிடைத்த ஒரே பொய்யை வைத்துக்கொண்டு கல்யாணம் வரைக்கும் ஓட்டினார்.

உண்மை என்னவென்றால், அம்மாவுக்கு மார்பில் கட்டி. முதலில் கீமோ, கட்டி சுருங்கியபிறகு ஆபரேஷன் என்று பெங்களூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய் என்ற சொல்லை என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். கட்டியைக் கரைக்க மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றினால் முடி கொட்டிவிடும் என்று மட்டும் சொன்னார்கள். கட்டி எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கே தொடையில் வந்து போயிருக்கிறது. முடி கொட்டும் என்றதற்குத்தான் அழுதேன்.

அம்மா அழவில்லை. அவளுக்குக் கவலை வேறு. தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தத் தம்பிக்குக் கடத்தூரில் பெண் பார்த்து, நிச்சயமும் முடிந்து, தேதி குறித்தபிறகுதான் கட்டி தெரியவந்தது. தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போடவேண்டும். தலையில் முடியில்லாமல் ஒரு பெண் கல்யாண மேடையில் ஏறினால் என்னென்ன பேச்சு வருமோ. பேசாமல் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு முடிச்சுப் போடவைத்துவிடுவார்கள்.

"எந்தம்பிக்கு நாந்தான் முடிச்சுப் போடணும்ங்க. ஐயோ பாவம்னு ஒருத்தரும் என்னைப் பாக்கக் கூடாது. அது ஆயிடட்டும், அப்புறம் முடி போனாப் போவுது" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கதவருகே நின்று கேட்டேன். டாக்டரம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அவர்தான் தலையைக் குளிரவைக்கிற மெஷின் ஒன்று இருப்பதாகச் சொன்னார். மருந்து ஏறும்போது தலைத்தோலைச் சில்லென்று வைத்திருந்தால் அந்தப் பக்கம் ரத்தம் குறைவாகப் போகும், மருந்தும் குறைவாகப் போகும், முடிவேர் தப்பிக்கலாம். எல்லோருக்கும் பலிக்காது, பலித்தாலும் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும் என்றும் சொல்லியிருந்தார்.

பள்ளி விடுமுறையில் அடம்பிடித்து நானும் ஒருமுறை போனேன். அடடா, அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு துள்ளுகிறது. தொப்பூரைத் தாண்டாத எனக்கு ஓசூர் தாண்டியதே பெரிய சங்கதி. அதற்குமேல் ஆஸ்பத்திரி லிஃப்ட். அதற்கும்மேல் அந்த மெஷின். நர்ஸ் அக்கா அம்மாவின் முடியை நன்றாக நனைத்து, பின்பக்கம் சீவிவிட்டு, நீல நிறத்தில் குழாய் குழாயாக இருந்த ஒரு தொப்பியை மாட்டி, தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் உறுமத் தொடங்கியது.

அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே சித்திரை வெயில், உள்ளே அம்மா ஸ்வெட்டர் போட்டு, இரண்டு கம்பளி போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா ம்மா?"

"நெத்தி வெடிக்கிற மாதிரி இருக்குது கண்ணு. கொஞ்சம் போனா மரத்துடும். நீ பிஸ்கட் தின்னு."

நான் தின்றேன். அம்மாவின் வலி எனக்கு ஒரு பிஸ்கட்டோடு முடிந்துவிட்டது. மருந்து ஏறி முடிந்தபின்னும் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒருவழியாக நிறுத்தி, தொப்பி இளகும்வரை காத்திருந்து மெதுவாகக் கழற்றியபோது நான் கட்டிலின்மேல் ஏறிவிட்டேன். அம்மாவின் முடியில் வெள்ளை வெள்ளையாகப் பனிப்பொருக்கு. எங்கள் ஊர்க்காரர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மட்டுமே பார்க்கிற பனி என் அம்மாவின் தலையில் இருந்தது. ஒரே ஒரு விரலால் தொட அனுமதி கிடைத்தது. தொட்டேன். உருகி விரலில் தண்ணீராக இறங்கியது. வகுப்பில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாதே என்ற துக்கம் கிருஷ்ணகிரி வரும்வரை என்னை வாட்டியது.

அன்றைக்கு நர்ஸ் அக்கா சொன்ன விதிகளை மனப்பாடம் செய்துகொண்டேன். தலைக்கு வெந்நீர் கூடாது. எண்ணெய் வைத்துத் தேய்க்கக் கூடாது. இறுக்கிப் பின்னக் கூடாது. பெரிய பல் சீப்பால் பதமாகச் சீவ வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அம்மாவின் தலைக்கு நானே காவல் என்று முடிவுகட்டிவிட்டேன். யாரும் நியமிக்கவில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளி அம்மாவின் தோளுக்குமேல் கையை உயர்த்தினாலே நடுவில் போய் நிற்பேன். காலையில் தலையணையில் முடி கிடக்கும். அம்மா பார்ப்பதற்குள் பொறுக்கிச் சன்னல் வழியே வீசிவிடுவேன். வகிடு அகன்றது, கொண்டை சிறுத்தது. ஆனாலும் முடி இருந்தது. கல்யாணம் நெருங்க நெருங்க அப்பா அம்மாவின் தலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் ஜெயித்துவிட்ட குஷி.

கல்யாணத்துக்கு முதல்நாள் கடத்தூர் மண்டபத்தில் போய் இறங்கியபிறகுதான் அப்பாவுக்கு அது நினைவுக்கு வந்தது. எங்கள் உறவில் ஒரு வழக்கம் உண்டு. முடிச்சுப் போடுகிற நாத்தனாரைக் கல்யாணத்தன்று விடியலில் பெண்வீட்டார் உட்காரவைத்து, தலை நிறைய எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டுப் பரபரவென்று தேய்த்து, வெந்நீர் ஊற்றி, இறுக்கிப் பின்னி, பந்து பந்தாகப் பூ வைத்துத்தான் மேடைக்கு அழைத்துவருவார்கள். அது மரியாதை. இத்தனை மாதம் எல்லாவற்றையும் யோசித்த எங்கள் வீட்டில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்க. தேய்ச்சா கையோட வந்துடும். என்னங்க பண்றது?" அப்பாவிடம் இருந்த ஒரே பொய்யும் முகூர்த்தப் புடவை வந்ததும் தீர்ந்துபோயிருந்தது.

எனக்குப் பயம் ஒரு பக்கம், உற்சாகம் மறு பக்கம். காவல்காரிக்குக் கடைசியில் ஒரு வேலை வந்துவிட்டது. திட்டம் தயார். எண்ணெய்க் கிண்ணம் அறைக்குள் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து உருள வேண்டும். அந்தக் கலவரத்தில் முகூர்த்த நேரம் வந்துவிடும்.

விடியலில் பெண்ணின் அம்மா, பின்னால் நான்கைந்து பெண்கள் சூழ, கிண்ணத்தோடு வந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாரானேன். அவர் ஒரே ஒரு விரலை எண்ணெயில் தொட்டு, அம்மாவின் வகிட்டில் பட்டும் படாமலும் வைத்தார்.

"சாங்கியத்துக்கு இது போதும்மா. மண்டபத்துல தண்ணி தீந்துபோச்சு. டேங்கர் வர நேரமாவுமாம். தப்பா நெனைச்சுக்காதீங்க."

அம்மா வேகவேகமாகத் தலையாட்டினாள். பூவும் அப்படியே. ஒரு சின்னச் சரம் கனகாம்பரத்தைக் கொண்டையூசியில் மாட்டி, கழுத்தோரம் லேசாகச் செருகினார். "மல்லி கெடைக்கலைம்மா இன்னிக்கி" என்றார். வெளியே மண்டபத் தூண்களையெல்லாம் மல்லிகை சுற்றியிருந்தது. சரியான கஞ்சர்கள் என்று நினைத்துக்கொண்டேன். குழாயைத் திருகிப் பார்த்தேன், தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு வந்தது. எதுவாக இருந்தால் நமக்கென்ன என்று வயிற்றிலிருந்து கையை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே ஜெயம்தான். அம்மா பெரியவர்கள் காலில் விழுந்தபோது ஒருவர்கூடத் தலையில் கைவைக்கவில்லை, தோளைத் தொட்டு எழுப்பினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. மாமா இரண்டு முடிச்சுப் போட, அம்மா பெண்ணின் பின்னால் குனிந்து மூன்றாவதைப் போட்டாள். அவள் முகம் அப்படிப் பிரகாசித்தது. நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன்.

அம்மா இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த மாமாவின் மனைவி, என் அத்தை, போன மாதம் பூண்டு உரித்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உங்கப்பா உள்ளூர்க் காரு வேணாம், சேதி பரவிடும்னு வெளியூர்க் காராப் பாத்துப் புடிச்சாரே, அது எங்க தெருக்காரரு காரு. மொத தடவை போயிட்டு வந்தன்னிக்கே எங்க வூட்ல வந்து சொல்லிட்டாரு. சம்பந்தமே வேணாம்னு சித்தப்பா பெரியப்பாவெல்லாம் குதிச்சாங்க. எங்கம்மாதான், 'தாயா இருந்து வளத்தவ கை பட்டா எம்பொண்ணு நல்லா இருப்பா'ன்னு ஒரே புடியா நின்னாங்க. கல்யாணத்தன்னிக்கு எங்க சனம் பூராவுக்கும் சொல்லிவெச்சிருந்தாங்க, அந்தத் தலையை யாரும் தொடக் கூடாதுன்னு. உங்கம்மாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.

கல்யாணம் முடிந்து அன்று மாலை காரில் திரும்பும்போது, அம்மாவும் அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். அத்தனை பெரிய கூட்டத்தையும் மூன்றே பேர் ஏமாற்றிவிட்டோம். அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். கண்ணெதிரே நடப்பதுகூடத் தெரியாத இப்படிப்பட்ட ஏமாளிகள் வீட்டில் பெண்ணெடுத்துவிட்டு மாமா எப்படித்தான் காலம் தள்ளப்போகிறாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.