கழுவிய ரோசாப்பூ

ஜேர்மனியில், நொய்கெல்னில் எங்கள் தோட்டத்துண்டுக்குப் பக்கத்துத் துண்டு ஓர் ஈரான்காரப் பெண்ணுடையது. பஸ் ஓட்டுகிறவர், நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் நட்ட ரோசாச் செடி வருடத்தில் ஒரே ஒரு முறை, மே கடைசியில் பூக்கும். வெயில் ஏறமுன் பூப்பறித்து, அன்றே காய்ச்சிப் பன்னீர் இறக்குவது அவர்கள் ஊர் வழக்கம். கணவர் இருந்தவரை அவரே இறக்கினார். போன மேயில் மோசம் போனார். எங்கள் ஆட்டத்திவசம் மாதிரி வந்த முதல் நினைவு நாளில் அந்தப் பன்னீரால்தான் கல்லறையைக் கழுவுவேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். கடைப் போத்தலைத் தொடவும் மாட்டாராம்.

அன்றைக்குப் பார்த்து அவருக்கு அதிகாலை வேலை. பூவைப் பறித்து வைக்கும்படி என்னிடம் கேட்டார். ஐந்து மணிக்கே போய், மொட்டுக்கூட விடாமல் வாளி நிறையப் பறித்தேன். பார்த்தால் இதழுக்குள் எல்லாம் பச்சைப் பூச்சி. என் கை சும்மா இருக்குமா? கீரையோ பூக்கோவாவோ, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறாமல் எங்கள் வீட்டில் எதுவும் சட்டியில் ஏறாது. அப்படியே ஊறவைத்து, மூன்று தரம் அலசி வடியவிட்டேன். பெருமை வேறு.

மதியம் அக்கா சீருடையோடு வந்தார். வாளிக்குள் கைவிட்டவர் அப்படியே நின்றார். கழுவினீர்களா என்று கேட்டார். ஓம், வடிவாக, என்றேன். பனி ஈரத்தோடு நேரே பானைக்குள் போகவேண்டிய பூவாம்.

அவர் பூவைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டு, மூடியைச் சுற்றி மாவைக் குழைத்து அடைத்து, குழாயைப் பொருத்தி அடுப்பை மூட்டினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு பேரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தோம். தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். முதல் சொட்டு விழுந்தது. அக்கா விரலில் தொட்டு மணந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவித்த மஞ்சள் மணம். நாசமாய்ப் போனவளே என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, உங்கள் கணவர் இதைக் குறையாக நினைக்கமாட்டார் அக்கா என்றேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். ஜேர்மனில் மெதுவாகச் சொன்னார். என் தமிழில் அது இவ்வளவுதான்:

"அவருக்கில்லை, எனக்குத்தான். மே கடைசியில அவற்ற கை முழுக்க இந்த ரோசா மணம் இருக்கும். இண்டைக்கு ஒருக்கா வருமெண்டு ஒரு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தன்."