பழனியாண்டி பின்னுக்குத் தள்ளிய மூன்று மேடைகள்

பெல்மதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்து கிளப்பில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே புல் வெட்டுகிறவர்களும் துரைமாருக்குப் பை தூக்குகிறவர்களும் வருஷத்தில் ஒரு நாள் எங்களுக்குள் ஆடுவோம். ஜெயித்தவருக்குக் கொழும்புப் போட்டியில் ஆட இடம் கிடைக்கும். நாலு வருஷமாக அது பழனியாண்டி அண்ணனுக்குத்தான். இந்த முறை, கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் அவர் மகள் ஷாமிளா, அப்பா கொழும்பில் ஆடுவதை முதன்முதலாகப் பார்க்க லீவு கேட்டிருந்தாள். மனுஷன் அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அடித்தால் பந்து நூற்றறுபது கஜம்தான் போகும், ஆனால் நேராகப் போகும். இளவட்டம் சசி இருநூற்று முப்பது கஜம் அடிப்பான். போன வருஷம் ஒரே ஓர் அடி கூடுதலாக அடித்துத்தான் அண்ணனிடம் தோற்றான்.

இந்த முறை அவன் ஜெயித்துவிடுவானோ என்ற பயம் அவரை ஆட்டியது. மைதானத்தில் என்ன மாற்றலாம் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கேட்டபோது, மூன்று குழிகளுக்கு முதல் அடி அடிக்கும் மேடையை நாற்பது கஜம் பின்னுக்குத் தள்ளச் சொன்னதே இவர்தான். என்னிடம் காரணமும் சொன்னார்.

"கவ்வாத்து வெட்டுறப்ப எல்லாச் செடியையும் ஒரே மட்டத்துக்குத்தானே வெட்டுறோம்? ஓங்கி வளந்த செடிக்குத்தான் நட்டம். குட்டைச் செடிக்கு என்னா போகுது?"

இருபது வருஷம் தேயிலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? நானும் மண்டையை ஆட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்! ஒரு வாரம் மண் வெட்டி, மூன்று மேடையையும் அவரே கட்டினார்.

போட்டியன்று நாலாம் குழியிலேயே விளங்கிவிட்டது. முன்பு அது முந்நூறு கஜம். இரண்டாம் அடியில் இருவருமே குழியருகே போய்விடுவார்கள். இப்போது முந்நூற்று நாற்பது. முதல் அடிக்குப் பிறகு சசிக்கு மிச்சம் நூற்றுப்பத்துதான், சும்மா தட்டிவிட்டான். அண்ணனுக்கு மிச்சம் நூற்றெண்பது. உள்ள பலத்தையெல்லாம் போட்டு அடித்தும் பந்து எட்டவில்லை. இன்னோர் அடி வேண்டியிருந்தது. மற்ற இரண்டு குழியிலும் இதே கூத்துதான். கடைசியில் இரண்டு அடியில் தோற்றார்.

"எலகிரி, பிரமாதமான யோசனை, பழனியாண்டி!" என்று பெரிய துரை அவர் தோளில் தட்டினார். "நீயும் கொழும்புக்குப் போ. சசிக்குப் பை தூக்கு."

அண்ணன், "சரிங்க ஐயா" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஷாமிளாவே போன் எடுத்தாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, லீவு கெடைச்சிருச்சு! எத்தனை மணிக்கு ஆடுறீங்க?"

"ஏழு மணிக்கு பாப்பா. சசி ஆடுவான். நான் அவனுக்குப் பை தூக்குறேன்."



"நான் வரவாப்பா, வேணாமா?"

அண்ணன் போனை என் கையில் திணித்தார்.

"நீ சொல்லு தம்பி."