வீட்டுக்குப் போகச் சொன்ன மணி

அந்த மணியோசையைக் காதால் கேட்டதைவிடக் கன்னத்தால் கேட்டதாகவே எனக்கு நினைவு. மாலையில் சன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பேன். எதிரே தேவாலயக் கோபுரத்தில் மணி ஆடத் தொடங்கியதும் குளிர்ந்த கண்ணாடி நடுங்கும், பல் கூசும்.

ஷாஃப்ஹவுசன் நகருக்கு வெளியே, ரைன் நதிக்கரையில் ஒரு சிறு கிராமம் அது. அப்பா முன்னரே அகதியாக வந்து வேலை தேடிக்கொண்டிருந்தார். அம்மாவும் அண்ணாவும் நானும் பின்னால் வந்து சேர்ந்தோம். வந்த முதல் மாலையே மணி அடித்தது. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளித் தானும் புகுந்துகொண்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் நேரமில்லா நேரத்தில் கோயில் மணி அடித்தால், "ஆமி வெளிக்கிட்டிட்டான்", இராணுவம் புறப்பட்டுவிட்டது என்று பொருள்.

அப்பா குனிந்து பார்த்துச் சிரித்தார். "வெளியிலை வாரும். இந்த நாட்டு ஆமி சனிக்கிழமையெண்டா றெயின் ஏறி வீட்டை போற ஆமியப்பா."

"நீங்கள் கதையாதேங்கோ, முதல்லை குனியுங்கோ!"

கட்டில் இழுபட்ட சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு கெல்லர் அம்மா ஏறி வந்தார். அவர் சிரிக்கவில்லை. முழந்தாளிட்டு எங்களைப் பார்த்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அதில் சேராத இந்த நாட்டிலும் பக்கத்து நகரில் தவறுதலாகக் குண்டுகள் விழுந்த அன்று, தன்னையும் தன் தாய் மேசைக்குக் கீழே தள்ளியதாகச் சொன்னார்; அப்பா தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தார். இதே மணிதான் முன்பு தீக்கும் வெள்ளத்துக்கும் அடிக்கப்பட்டதாம். ஆனால் இந்த மாலை மணி பிள்ளைகளுக்கானது. அது நிற்பதற்குள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கவேண்டும்.

மறுநாளிலிருந்து நாங்களும் ஓடினோம். ஊரின் அடையாளங்கள் எல்லாம் எங்களுக்கு ஓடுகிற தூரங்களாயின. பழைய ஆண்டு எண் செதுக்கிய கல் நீர்த்தொட்டியிலிருந்து நடந்தே வரலாம். கல்லறை மதிலடியிலிருந்து வேகமாக நடக்கவேண்டும். பெரிய லிண்டன் மரத்தடியிலிருந்து ஓடினால்தான் உண்டு. படகுத்துறையில் நின்றால் ஏச்சு நிச்சயம். அம்மா படியில் நின்று கத்துவார். "மணி நிக்கப்போகுது, எங்கையடி கொண்ணன்?" தெருமுனையிலிருந்து அண்ணாவின் குரல் வரும்: "வாறன், வாறன், இன்னும் ரெண்டடி கிடக்கு!" அந்த நேரத்தில் ஊரின் எல்லாச் சன்னல்களிலும் ஒரு பெண்ணின் தலை தெரியும். எந்தத் தாயும் தனியாகக் காத்திருக்கவில்லை.

சென்ற மாதம், நான் இப்போது வசிக்கும் ஓஸ்டர்முண்டிகனில், என் பதினான்கு வயது மகள் பள்ளியிலிருந்து வரவில்லை. தொலைபேசி அணைந்திருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். நான் யாரைத் தேடுகிறேன் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இருட்டிய பிறகு வந்தாள்.

"பற்றரி முடிஞ்சு போச்சம்மா. சினேகிதி வீட்டைதான் நிண்டனான். ஏன் இப்பிடி அழுறீங்கள்?"

ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் இன்னும் கதவு மணி கேட்டால் ஓடிப்போய்த் திறக்கிறேன்.

போன ஞாயிறு அந்தக் கிராமத்துக்குப் போனேன். கெல்லர் அம்மாவின் கல்லறை இல்லை. இங்கே கல்லறைக்கும் தவணை உண்டு; அது முடிந்த வரிசைகளை அகற்றிப் புல் விதைத்துவிட்டார்கள். லிண்டன் மரம் நோயில் வெட்டப்பட்டு, அதனிடத்தில் கம்பு கட்டிய ஒரு கன்று நிற்கிறது. தேவாலயத்தைப் பக்கத்து ஊருடன் இணைத்துவிட்டார்களாம். போதகர் எப்போதாவது வருகிறார். மாலையில் மணி தானாகவே, மின்சாரத்தில், அடித்தது.

நீர்த்தொட்டியின் விளிம்பில் இரண்டு பையன்கள் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளின் வழக்கப்படி என்னைக் கண்டதும் "குரூயெற்சி" என்று வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். சன்னல்களை அண்ணாந்து பார்த்தேன். ஒரு தலையும் தெரியவில்லை. மணி நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகும்வரை என்னால் காரை எடுக்க முடியவில்லை.