வெள்ளை உடுத்த வேண்டிய விருந்து

எங்கள் ஊர் பெருமாட்டியில் மருதாத்தாளைத் தெரியாதவர்கள் குறைவு. கணவன் கப்பலில் இருக்க, தென்னந்தோப்பைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள். கரண்ட் ஆபீசுக்கே போய்ச் சண்டை பிடித்து மோட்டாருக்கு இணைப்பு வாங்கியவள். அப்படிப்பட்டவள் 1976-ல் ஒரு சேலையால் திண்டாடிப்போனாள்.

கணவன் செங்கோட்டையன் வெளிநாட்டு உல்லாசக் கப்பலில் எலக்ட்ரீசியன். அந்தக் கப்பல் ஒரே ஒரு மாலை கொச்சியில் நிற்கும், விடிந்தால் புறப்பட்டுவிடும். அடுத்து அவன் வருவதற்கு ஒன்றரை வருடம் ஆகும். அன்று கேப்டன் கொடுக்கும் விருந்துக்கு ஊழியர் குடும்பங்களும் வரலாம். விருந்துக்கு வருகிறவர்களை மட்டும்தான் கப்பலில் ஏற்றுவார்கள். இதைச் சொல்ல அவன் அஞ்சலகத்துக்கு டிரங்க் கால் போட்டான்.

“எல்லாரும் வெள்ளைதான் கட்டணும். அதுதான் அந்த விருந்தோட முறை.”

“வெள்ளைங்களா?”

“ஆமா. ஆம்பளை, பொம்பளை எல்லாரும்.”

“ஏனுங்க, நீங்க நல்லாத்தானே இருக்கறீங்க?”

“எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன்” என்று சிரித்தான். அதற்குள் நேரம் முடிந்து இணைப்பு போய்விட்டது. பக்கத்தில் ஸ்டாம்ப் வாங்க நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள்.

மருதாத்தாளின் சனத்தில் வெள்ளைச் சேலை கட்டுகிறவள் கணவனை இழந்தவள் மட்டும்தான். அந்தச் சேலையையும் அவளாக வாங்க முடியாது. இழவன்று பிறந்த வீட்டார் கொண்டுவந்து போட வேண்டும். கணவன் உயிரோடு, அதுவும் கடல்மேல் இருக்கும்போது, இந்தச் சேலையை யார் எடுப்பது?

அண்ணன் ரத்தினசாமியிடம் கேட்டாள். அவர் மாட்டுக்கயிற்றை அப்படியே கீழே போட்டார்.

“நான் எடுத்துக் கொடுக்கறதா? மாப்பிள்ளை எப்பப் போனாருன்னு ஊரே வந்து துக்கம் கேக்கும், அம்மிணி!”

அடுத்த வீட்டு தேவகி டீச்சர் மலையாளி. பெட்டியைத் திறந்து ஜரிகைக்கரை போட்ட, சேலைபோல் கட்டும் வெள்ளைச் செட்டுமுண்டை எடுத்து நீட்டினாள். “எங்க கல்யாணத்துக்கே இதுதான் மருதே. கரை பொன்னல்லே? கொண்டு போ.”

மாமியார் செல்லாத்தாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போன நாளிலிருந்து வெள்ளை கட்டுகிறவள்.

“அவங்க சாமிக்கு வேற கண்ணு. நம்ம சாமிக்கு வெள்ளைன்னா ஒண்ணுதான்.”

“அப்போ நான் போகட்டுமா வேண்டாமா அத்தை?”

“எனக்கென்ன தெரியும்? எம்மவனைப் பாக்கோணும், அவ்வளவுதான்.”

கடைசியில் இருவரும் கிளம்பினார்கள். மருதாத்தாள் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. செட்டுமுண்டு பைக்குள் இருந்தது. கட்ட வேண்டிய நேரம் வந்தால் மனசு தானாக ஒரு பக்கம் சாயும் என்று நம்பினாள். ரயில் கொச்சியை அடைந்தும் அது சாயவில்லை.

கப்பலில் ஏற விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்ற கோவாக்காரச் சிப்பந்தி செல்லாத்தாளைத் தலை முதல் கால் வரை பார்த்தான். குனிந்து வணங்கி, கதவைத் திறந்துவிட்டான். கல்யாண வீடுகளில் எதிரே வரக் கூடாதென்று பின்கட்டிலேயே இருந்து பழகியவள் திகைத்து நின்றாள். அவன் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். மருதாத்தாளிடம் மட்டும் மறுப்பாகத் தலையாட்டி, அவள் சேலையைக் காட்டினான்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். கூடம் நிறைய வெள்ளை. பெண்கள் கணவன்மாரோடு ஒட்டி உட்கார்ந்து சிரித்தார்கள். இழவு வீடு மாதிரியும் இருந்தது, கல்யாண வீடு மாதிரியும் இருந்தது.

செங்கோட்டையன் ஓடிவந்தான். அவனும் வெள்ளைதான்.

“இன்னும் கட்டலியா? பையில என்ன?”

“செட்டுமுண்டுங்க.”

“கட்டிட்டு வா புள்ளை. அந்தப் பக்கம் ரூம் இருக்குது. கேப்டன் பாக்கறாரு.”

பைக்குள் கை விட்டாள். துணியைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

“என்னால ஆகாதுங்க. நீங்க போய் உண்ணுங்க. பாத்துட்டேன், போதும்.”

“ஒன்றரை வருசத்துக்கு இதுதானா?”

அவள் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். அவன் உள்ளே போனான். கோபித்துக்கொண்டான் என்றே அவள் நினைத்தாள். ஆனால் இரண்டு தட்டுகளோடு திரும்பிவந்து, மேல்தளத்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே அவனுக்குப் போட்டிருந்த நாற்காலியில் செல்லாத்தாள் இருந்தாள். ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் விழித்தாள்.

திரும்பும் ரயிலில் செல்லாத்தாள் கேட்டாள்: “அத்தனை பேரும் வெள்ளை. ஒருத்திகூட அழுவலையே, ஏன் புள்ளை?”

ஒன்றரை வருடம் கழித்து செங்கோட்டையன் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தான். அவள் வெள்ளை கட்டாததால் வந்தானா, கட்டியிருந்தாலும் வந்திருப்பானா? மருதாத்தாளிடம் கேட்டேன். “அதைத்தான் நானும் ரோசனை பண்ணிட்டிருக்கறேனுங்க” என்றாள்.