அப்ரார் பெயர் இல்லாத பட்டியல்

என் வீட்டுக்காரர் மஸூத், கராச்சியில் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவர். மற்றவர்கள் ஒரு தெருவை முடிக்கிற நேரத்தில் இவர் பாதிகூட முடித்திருக்க மாட்டார். மீட்டரைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு ஆம்பிளை முகத்தையும் பார்ப்பார். எந்த ஊர், அம்பாலா பக்கமா என்று கேட்பார். சாயங்காலம் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்பத்தேழில், பிரிவினை சமயத்தில் பானிப்பத்திலிருந்து வரும்போது, இவருக்கு ஒன்பது வயதில், அம்பாலா ஸ்டேஷனில் தொலைந்த நாலு வயதுத் தம்பி அப்ராரைத்தான் தேடினார்.

ஷபே பராத் புனித இரவன்று கடலைப்பருப்பு அல்வா கிளறி, இறந்தவர்கள் பெயரையெல்லாம் சொல்லி ஃபாத்திஹா ஓதுவோம். பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. வழியில் வெட்டுப்பட்ட பெரியப்பா, முகாமில் காலராவில் போன குழந்தைகள் என்று இருபத்தாறு பெயர். அப்ரார் மட்டும் கிடையாது. காணாமல் போனவனுக்கு யாராவது ஃபாத்திஹா ஓதுவார்களா என்று மாமியார் ஒருமுறை என் பேனாவையே பிடுங்கிவிட்டார். அவர் போன பிறகு அந்தக் காவல் இவருக்கு வந்தது. எனக்குச் சலித்துவிட்டது. இருப்பவர் கணக்கிலும் சேராமல், இறந்தவர் கணக்கிலும் சேராமல் ஒரு ஆளை ஒரு வீடு எத்தனை வருஷம் சுமக்கும்?

போன வருஷம் இவர் நெஞ்சு வலியிலிருந்து பிழைத்து வந்தபின், மருமகள் ஸுமைரா பட்டியலைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு அப்புறம் அவரை யாருக்கும் தெரியாது. சேர்த்துரட்டுமா?"

சண்டை வரும் என்று நான் கரண்டியோடு வந்து நின்றேன். வரவில்லை. களைத்துப்போய்ப் பேசினார்.

"அம்மா அவன் கையை என் கையிலதான் குடுத்தாங்க. யாரோ ஒரு ஆள் செம்புல தண்ணி நீட்டினான். வாங்குறதுக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு."

ஐம்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். என்னிடம் இதைச் சொன்னதில்லை. முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

"நான் இருக்கிறவரைக்கும் எழுதாதே," என்றார் ஸுமைராவிடம். "என் பேரை எழுதுற அன்னைக்கு, கூடவே எழுதிரு."

டிசம்பரில் போய்விட்டார்.

இந்த ஷபே பராத்துக்கு ஸுமைரா இரண்டு பெயரையும் சேர்த்தாள். பெரியவர் பெயர்தானே முதலில் என்று கேட்டாள். இல்லை, அப்ராரை முன்னால் போடு என்றேன். இவர் பின்னால் வரட்டும். தம்பி கண்ணெதிரிலேயே இருப்பான்.