மழைக்கு ஒதுங்கியவர்களின் கல்யாணச் சாப்பாடு

கர்த்தர் என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்ததை உங்கள் முன்னால் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது. நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற தலைச்சோலை. துண்டுக் காப்பித் தோட்டம்தான் பிழைப்பு. போன நவம்பரில் என் ஒரே மகள் ஜெனிபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சேலத்தில் வசதியான குடும்பம். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்தன்று காலையில் போன் வந்தது. தோட்டத்தை மாப்பிள்ளை பேருக்கு எழுதினால்தான் கிளம்புவோம் என்றார்கள்.

"அதயுங் குடுத்துட்டு நாங்க என்னத்தத் திங்கறதுங்க?" என்றார் என் வீட்டுக்காரர். போனை வைத்துவிட்டார்கள்.

சேதி சொந்தக்காரர்களுக்கும் போய்விட்டது. ஒருத்தருக்குப் புதுக்கார் மலை ஏறாதாம். இன்னொருத்தருக்கு வாழைக்குத் தண்ணீர் கட்டணுமாம். கோயில் ஹாலில் அண்டா நிறையப் பிரியாணி. சாப்பிட ஆளில்லை.

ஜெனிபா கல்யாணச் சேலையோடு பக்கத்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கூப்பிட்டேன். போதகர் கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயந்து கதவை இடித்தேன். என் வீட்டுக்காரர் கடப்பாரை தேடி ஓடினார். நான் தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, மாப்பிள்ளை வேண்டாம், மானமும் போகட்டும், என் பிள்ளையை மட்டும் கொடும்" என்று கதறினேன்.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இது வேறயா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஆட்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தார்கள். "ஏனுங்க, மழ உட்டதும் போயிருவோமுங்க" என்று வாசலோரம் நின்றார்கள். அதில் ஒருத்தி கையில் நனைந்த குழந்தை. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நேரே அந்த அறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள ஆரு கண்ணு? கொழந்த நொம்ப நடுங்குது. கதவத் தொற சாமி."

தாழ்ப்பாள் விலகியது. சாயங்காலம் கட்ட வைத்திருந்த புதுச்சேலையை எடுத்து என் மகள் அந்தக் குழந்தையைச் சுற்றினாள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வாய்விட்டு அழுதாள். கடப்பாரையோடு வந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு, "எல்லாரும் உள்ள வாங்க, சாப்புடுங்க" என்று அவரே இலை போட்டார். சேற்றுக்காலோடு எப்படி என்று தயங்கினார்கள். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். ஜெனிபா பரிமாறினாள். அவர்களோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அழைத்தவர்கள் வராததால் தெருவில் இருந்த ஏழைகளைக் கூட்டி வரச் சொன்ன விருந்துக்காரனைப் பற்றி இயேசு சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். நானும் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அந்த மனுஷனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வலியோடும் அவன் பந்தியைக் கலைக்கவில்லையே. இப்போது எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் முதல் அழைப்பு எஸ்டேட் ஆட்களுக்குத்தான்.

அவள் உயிரோடு இருக்கிறாள், அதற்குக் கோடி ஸ்தோத்திரம். காயம் ஆறிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டது வராமல் போன நாளிலும் அவரையே கேளுங்கள், பிரியமானவர்களே. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், என் பிள்ளை ஒரு தடவை பழையபடி சிரிக்கணும் என்று.