ஆடி ஞாயிறன்று சுண்ணாம்பு வண்டியோடு பேரணாம்பட்டுக்கு

பேரணாம்பட்டுப் பக்கத்தில் சிறிய அளவில் தோல் பதனிடும் இருவரும், வீடு கட்டத் தொடங்கியிருக்கும் ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். மூவருக்கும் ஒரே கேள்விதான். ஆம்பூர் ரயிலடியில் வந்து இறங்கும் சுட்ட சுண்ணாம்புக் கல்லை மாட்டுவண்டியில் எரியாமல் கொண்டுபோவது எப்படி? விசாரித்து எழுதுவதைவிடக் கூடவே போய்ப் பார்த்து எழுதுவது மேல் என்று தோன்றியது. சென்ற ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு வண்டியோடு போனேன்.

சென்னையிலிருந்து ஆம்பூருக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு ரூபாய் பன்னிரண்டணா ஆயிற்று. சனிக்கிழமை மாலையே வந்து ரயிலடிக்கு எதிரே தங்கினேன். தூக்கம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் மூட்டைப்பூச்சி. ஊரைக் குறை சொல்லக்கூடாது.

சுண்ணாம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. தோலிலிருந்து மயிரைக் கழற்ற அதைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு சூளையில் சுட்ட கல்லாகவே, தண்ணீர் படாமல் வருகிறது. தண்ணீர் பட்டதும் கொதிக்கும், ஊதி வெடிக்கும். பக்கத்தில் வைக்கோலோ கோணியோ இருந்தால் பற்றிக்கொள்ளும்.

வண்டிக்காரர் முனுசாமிக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு வண்டிகள். ஒன்றை அவர் ஓட்டுகிறார். மற்றதை அவர் மனைவியின் தம்பி ஏழுமலை ஓட்டுகிறான். சென்ற மழைக்காலத்தில் இவர்களுடைய பாரம் ஒன்று வழியில் பாதி எரிந்துபோயிற்று. இவர்கள் பாரம் கொண்டுபோகும் ஷாப்பில் (இந்தப் பக்கத்தில் தோல் பதனிடும் சாலைக்கு ஷாப்பு என்றே பெயர்) சுண்ணாம்புக் குழி மேஸ்திரியாக இருப்பவர் சாமுவேல். அவர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: ஞாயிறு பொழுது சாய்வதற்குள் பாரம் உலர்ந்தபடி வந்து சேரவேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் மோட்டார் லாரி.

"தோலு நேத்தே தண்ணில போட்டாச்சு. சுண்ணாம்பு வரலேன்னா நாறிடும். அவரு மேல தப்பில்ல. நம்ம மேலதான் கண்ணு," என்றார் முனுசாமி.

காலை ஐந்து மணிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். முதலில் அடிப்பலகையில் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த மணல். அதன்மேல் சுண்ணாம்புக் கல். மேலே பனையோலைப் பாய், அதற்கும் மேலே தார்ப்பாய். ஆறு குறுக்கிடுவதால் வண்டிக்கு முக்கால் டன்னுக்கு மேல் இல்லை. மாட்டுக்கான வைக்கோல் பாரத்தின்மேல் ஏறாது. நுகத்தடிக்கு முன்னால் தொங்கும். குடிதண்ணீர் ஆளின் தோளில்தான். நான் என் கூஜாவை வண்டியில் வைக்கப் போனேன். முனுசாமி அதை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஆறு இருபதுக்குப் புறப்பட்டோம். பேரணாம்பட்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மைல். ஏழு மணிக்குப் பாலாற்றங்கரை. இறக்கத்தில் பாரம் மாட்டை முந்திக்கொண்டு தள்ளும். அதைத் தடுக்க, வண்டியின் பின்னால் ஒரு கனத்த மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுபட விட்டார்கள். மணலில் இறங்கியதும் கட்டையைக் கழற்றி, பின்வண்டியின் மாடுகளையும் அவிழ்த்து முன்வண்டிக்குச் சங்கிலியில் பூட்டினார்கள். நான்கு மாடுகளும் ஒரு வண்டியை அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து மற்றதை இழுத்தன. நடு ஆற்றில் கணுக்கால் அளவுக்கு ஓர் ஊற்றுக்கால் ஓடியது. அங்கே வேகம் கூடாது. சக்கரம் தண்ணீரை மேலே வாரி அடிக்கும். ஒவ்வோர் அடியாக நடத்தினார்கள். அக்கரையில் சக்கரங்கள் சொட்டி முடிக்கும்வரை கால் மணி நேரம் நின்றோம். ஆற்றுக்கு மட்டும் ஒரு மணி நாற்பது நிமிஷம் பிடித்தது.

ஆற்றைத் தாண்டியதும் அபாயம் தீர்ந்தது என்று நினைத்தேன். முனுசாமியும் அப்படித்தான் நினைத்திருப்பார். பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, ஏழாவது மைலில் இருக்கும் அவருடைய மாமியார் ஊரை நெருங்கும்போது பம்பை மேளச் சத்தம் கேட்டது. அவர் வண்டியை நிறுத்தினார்.

"டேய் மச்சான், இன்னாடா சத்தம் அது?"

"கூழு ஊத்துறாங்க போல மாமா."

"போலவா? உங்க ஊரு திருவிழா உனக்குத் தெரியாது?"

ஏழுமலை மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். "தெரியும் மாமா. சொன்னா நீ நாள மாத்துவே. மேஸ்திரி இன்னிக்கே வேணும்னாரு. அதோட... நம்ம வூட்ல கருவாட்டுக் கொழம்பு."

திருவிழாவின் கடைசி நாளில் முறையுள்ளவர்கள்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஊர் மாப்பிள்ளை தெருவில் அகப்பட்டால் கொழுந்தியாமார் விடமாட்டார்கள். முனுசாமிக்கு அந்த ஊரில் கொழுந்தியாமார் ஐந்து பேர். சுற்றுவழி ஏரிக்கரைமேல் போகிறது; பாரவண்டி அங்கே திரும்ப முடியாது. ஊர் அடங்கும்வரை காத்திருந்தால் பொழுது போய்விடும்.

முனுசாமி துண்டை அவிழ்த்து ஏழுமலையிடம் கொடுத்தார். "நான் போய் மொதல்ல நனைஞ்சுட்டு வர்றேன். நான் கைய தூக்குற வரைக்கும் வண்டி அசையக்கூடாது."

நானும் அவரோடு நடந்தேன். தெருமுனையிலேயே பெண்கள் குடங்களோடு நின்றார்கள். கடைசிக் கொழுந்தியாள் கஸ்தூரிதான் தலைவி.

"மாமா வந்துட்டாரு! வண்டி எங்க மாமா? பயந்து வுட்டுட்டு வந்தீங்களா?"

"வண்டில சுண்ணாம்புக் கல்லு இருக்குதும்மா. அதுமேல ஒரு சொட்டு பட்டா தெருவே பேஜாராயிடும். இன்னா ஊத்தணுமோ எல்லாத்தையும் எம்மேல ஊத்துங்க."

"எல்லாத்தையுமா? அப்ப குனிங்க!"

ஏழு குடம் எண்ணினேன். பிறகு அவர் ஒவ்வொரு குடத்தையும் கோயில் சுவரோரமாகக் கவிழ்க்கச் சொல்லி, தாமே பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். நனைந்த ஆள் பாரத்தை நெருங்கக்கூடாது. அதனால் அவர் பதினைந்து அடி முன்னால் குரல் கொடுத்தபடி நடந்தார். ஏழுமலை முன்வண்டியைப் பிடித்துக்கொண்டான். பின்வண்டி மாடுகளின் கயிற்றை முன்வண்டியில் கட்டியிருந்தார்கள்.

பாதித் தெரு தாண்டியிருப்போம். இந்த ஏற்பாட்டை அறியாத ஒரு பெண் சந்திலிருந்து ஓடிவந்தாள். ஏழுமலை அவளுக்கு அத்தை மகனாம். "அத்தான்!" என்று கத்திக்கொண்டே குடத்தை வீசினாள். பாதி அவன் முதுகில் பட்டுப் போயிற்று. மீதி தார்ப்பாய் மடிப்பின் வழியாக உள்ளே இறங்கியது.

முதலில் ஒரு சீறல். பிறகு வெள்ளையாக ஆவி. பிறகு பாய் கருகும் வாசனை. "தீ! தண்ணி கொண்டாங்க!" என்று யாரோ கத்த, நாலு பேர் வீடுகளிலிருந்து நிறைகுடங்களோடு ஓடிவந்தார்கள்.

"தண்ணி வேணாம்! யாரும் ஊத்தாதீங்க! மண்ணு! காஞ்ச மண்ணு!" முனுசாமி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களை மறித்தார். அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தம்முடைய வண்டி எரியத் தொடங்கியிருந்தும் அவரால் கிட்டே போக முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "மச்சான், மொதல்ல மாட்ட அவுரு! பின்வண்டி கயித்த அறு! ஆங். சட்டய கழட்டி எறி, முதுக தொடச்சுக்கோ. காத்து உன் முதுகுல படுற பக்கமா நில்லு. மூஞ்சிய திருப்பிக்கோ, கண்ணு போய்டும்!"

நனையாத ஆண்கள் பின்வண்டியைத் தள்ளிப் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். ஏழுமலை தார்ப்பாயைத் தூக்கி, ஈரம் பட்ட கற்களை மண்வெட்டியால் தெருவில் இழுத்துத் தள்ளினான். பெண்கள் தெரு மண்ணை மறுபடி அந்தக் குடங்களிலேயே அள்ளப் போனார்கள்.

"குடம் ஈரம்! முறத்துல அள்ளுங்க!"

முறம் முறமாக மண் வந்தது. பம்பைக்காரர்கூடப் பம்பையை இறக்கிவிட்டு அள்ளினார். கால் மணி நேரத்தில் ஆவி நின்றது. ஒரு பாயின் விளிம்பு கருகியிருந்தது. இரண்டு கூடைச் சுண்ணாம்பு தெருவில் கிடந்தது. "கோயிலுக்கு வெள்ளையடிக்க ஆச்சு," என்றார் பூசாரி. ஆறும்வரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளக் கஸ்தூரி ஒப்புக்கொண்டாள்.

முனுசாமி மாமனாரின் உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்று ஐம்பதுக்கு மறுபடி பூட்டினார்கள்.

"மாமா, ஒரு வாய் கூழு..."

"திரும்பி வரும்போது. பானைல மிச்சம் இருந்தா."

மாலை ஐந்து முப்பத்தைந்துக்குப் பேரணாம்பட்டு ஷாப்பு வாசல். வெயில் இன்னும் இருந்தது. சாமுவேல் மேஸ்திரி ஓர் இரும்புக் கம்பியைப் பாரத்துக்குள் நாலு இடத்தில் செருகி எடுத்துத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. கருகிய பாயைத் தூக்கிக் காட்டி, "இது இன்னா?" என்றார். முனுசாமி ஒன்றையும் மறைக்கவில்லை. ஏழு குடத்தையும் சொன்னார்.

மேஸ்திரி அவருடைய மஞ்சள் காதையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, "எறக்குங்கடா," என்றார். திரும்பிப் பார்த்து, "அடுத்த நடை வர்ற ஞாயிறு முடியுமா?" என்று கேட்டார்.

முனுசாமி ஏழுமலையைப் பார்த்தார். "வர்ற ஞாயிறு எந்த ஊர்லடா கூழு?"

ஏழுமலை விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். மூன்றாவது விரலிலேயே மேஸ்திரி சிரித்துவிட்டார். "பொதன்கிழமை வாங்கய்யா," என்றார்.

கடிதம் எழுதியவர்களுக்கு: வண்டிக்கு நடை ஒன்றுக்கு இரண்டு ரூபாய், விடிவதற்குள் ஏற்றிவிடுங்கள். அடியில் மணல், மேலே பாய், அதன்மேல் தார்ப்பாய். பாரத்தோடு வைக்கோலும் கோணியும் கூடவே கூடாது. ஒரு கூடை காய்ந்த மண்ணையும் ஒரு மண்வெட்டியையும் எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். ஆவி கிளம்பினால் முதலில் மாட்டை அவிழ்த்துவிடுங்கள், பாரம் அப்புறம். உடம்பில் தூள் பட்டால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவும் முனுசாமிக்கு முன்பே தெரியும். அன்று அவர் கற்றது ஒன்றுதான், அதை உங்களுக்கும் சொல்லச் சொன்னார்: ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், வழியில் உள்ள ஊர்களில் அன்றைக்கு என்ன விசேஷம் என்றும் கேட்டுவிட்டுப் பூட்டுங்கள்.